வைக்கம் முதல் கொல்லம் வரை நீர்வழியே தெற்கு நோக்கிச் செல்வது எப்படி

ஆலப்புழைக்குப் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் படகுவீடு ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நண்பகலில் ஏறி, காயலைச் சுற்றிவிட்டு, மறுநாள் காலையில் ஏறிய துறையிலேயே இறங்கி ஊர் திரும்புகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதைப் பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கேரளக் கடற்கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீளும் இந்த நீர்வழி, ஓர் ஊரில் ஏறி வேறோர் ஊரில் இறங்குவதற்கென்றே உருவானது. அவ்வூர் மக்கள் நாள்தோறும் ஏறும் அரசுப் படகுகளையே பிடித்து, வைக்கத்திலிருந்து கொல்லம் வரை மூன்று நாட்களில் தெற்கு நோக்கிச் செல்லும் முறையை இங்கே எழுதுகிறேன். செலவு மிகக் குறைவு. பொறுமை சற்று அதிகம் வேண்டும்.

முதலில் நீர்வழியின் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் முதலிய ஆறுகள் நேராகக் கடலில் விழுவதில்லை; கடலோரத்தில் நீண்டு கிடக்கும் மணல்திட்டு அவற்றைத் தடுத்து நிறுத்துவதால் திட்டுக்குக் கிழக்கே காயல்கள் உண்டாயின. வேம்பநாட்டுக் காயல், காயங்குளம் காயல், அஷ்டமுடிக் காயல் என்று வடக்கிலிருந்து தெற்காக வரிசையாகக் கிடக்கும் இவற்றைத் தோடுகள் எனப்படும் கால்வாய்களால் முன்னோர் இணைத்தார்கள். கோட்டப்புறத்திலிருந்து கொல்லம் வரையுள்ள 168 கி.மீ. நீளமும், கொச்சியின் சம்பக்கரை, உத்யோகமண்டல் கால்வாய்களும் சேர்ந்து 1993-ல் மூன்றாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டன. 2016-ல் அது வடக்கே கோழிக்கோடு வரை நீட்டிக்கப்பட்டது. ஆயினும், தேசிய நீர்வழி என்ற பெயரைப் பார்த்துவிட்டு, கொச்சியில் ஏறினால் கொல்லத்தில் இறக்கிவிடும் ஒரே படகு இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஏற்பாடு முதன்மையாகச் சரக்குப் படகுகளுக்கானது. பயணிகள் படகுகள் துண்டு துண்டாகத்தான் ஓடுகின்றன. அதிலும் வடபாதியில் அவை பெரும்பாலும் காயலைக் குறுக்காகக் கடப்பவை. ஆகவே நம் பாதை நேர்கோடாக இராது. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மாறி மாறித் தைத்துக்கொண்டே தெற்கே இறங்கும்.

படகுகளை நடத்துவது மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை. 1968-ல் தொடங்கப்பட்ட இத்துறையின் தலைமையகம் ஆலப்புழையில் இருக்கிறது. நம்மூர் நகரப் பேருந்தில் ஏறுவதைப் போலத்தான் இதிலும் ஏற வேண்டும்: துறையில் காத்திருந்து, படகு அணைந்து இறங்குபவர்கள் இறங்கிய பிறகு ஏறினால், சீட்டுக் கொடுப்பவர் உட்கார்ந்த இடத்துக்கே வருவார். அவரைப் போட் மாஸ்டர் என்பார்கள். சுக்கானைப் பிடிப்பவர் ஸ்ராங்க். கயிறு வீசித் துறையில் கட்டுபவர் லாஸ்கர். எஞ்சினைப் பார்த்துக்கொள்பவரைத்தான் டிரைவர் என்பார்கள் என்பதால், சுக்கான் பிடித்திருப்பவரை நாம் டிரைவர் என்று அழைத்தால் அவர் சிரிப்பார். யாராக இருந்தாலும் ‘சேட்டா’ என்று அழைத்துப் பேச்சைத் தொடங்கலாம். ‘ஆலப்புழய்க்கு போட்டு எப்பழா?’ என்ற ஒரு கேள்வி தெரிந்தால் வடக்குத் துறைகள் எல்லாவற்றிலும் போதுமானது. தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

காலத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். நவம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரையுள்ள நாட்களே சிறந்தவை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழையில் ஆறுகள் பெருகி, ஆலப்புழையை அடுத்த தாழ்நிலமான குட்டநாட்டில் பல பாலங்களுக்கு அடியில் படகு நுழைய முடியாதபடி நீர் ஏறிவிடும். சேவைகள் முன்னறிவிப்பின்றி நிறுத்தப்படுவதும் உண்டு. அக்டோபரில் காலை வெயில் நன்றாக இருந்தாலும் மாலையில் இடியுடன் மழை இறங்கும் என்பதால், அம்மாதத்தில் பிற்பகல் படகைத் தவிர்த்துக் காலைப் படகிலேயே திறந்த காயலைக் கடந்துவிட வேண்டும். மார்ச்சுக்கு மேல் வெயில் சுடும். ஆகஸ்டில் ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நேரு கோப்பை வள்ளங்களி எனும் படகுப் போட்டி நடக்கும் நாளில் படகு நேரங்கள் எல்லாம் குலைந்துபோகும். சில ஆண்டுகளில் போட்டித் தேதியே தள்ளிப்போவதால், அந்தப் பருவத்தில் செல்பவர்கள் அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பொருட்கள் அதிகம் வேண்டியதில்லை. தோளில் மாட்டும் ஒரே பை, அதனுள் ஒரு பெரிய நெகிழி உறை, தொப்பி, குடிநீர், பருத்தித் துண்டு, சில்லறைப் பணம். சக்கரம் வைத்த பெட்டியைக் கொண்டுவருபவர்கள் முதல் துறையிலேயே வருந்துவார்கள். படகுக்கும் துறைக்கும் இடையே ஒரு முழ இடைவெளியைத் தாண்டித்தான் ஏற வேண்டியிருக்கும்.

முதல் நாளை வைக்கத்தில் தொடங்குமாறு சொல்வதற்குக் காரணம் உண்டு. எர்ணாகுளத்திலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பது ஒன்று; தமிழர்கள் இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர் என்பது மற்றொன்று. மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடப்பதற்கு இருந்த தடையை எதிர்த்து 1924 மார்ச் 30-ல் தொடங்கிய போராட்டத்தில், தலைவர்கள் கைதான நிலையில் பெரியார் வந்து சேர்ந்து சிறை சென்றார். அவருடைய நினைவகமும் நூலகமும் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பர் 12-ல் திறக்கப்பட்டன. 1925 மார்ச்சில் காந்தியடிகள் வந்து இறங்கியதும் இங்குள்ள பழைய படகுத்துறையில்தான். அன்று வைக்கத்துக்கு வருவதென்றால் நீர்வழியே வருவதுதான் இயல்பு.

வைக்கம் துறையில் இப்போது தவணக்கடவுக்குப் படகு உண்டு. சூரிய ஒளியில் இயங்கும் ‘ஆதித்யா’ 2017 ஜனவரியில் இந்தத் தடத்தில்தான் ஓடத் தொடங்கியது. எழுபத்தைந்து பேர் அமரலாம். எஞ்சின் இரைச்சல் இல்லாத படகில் ஏறி, நீர் பலகையில் உரசும் ஓசையைக் கேட்டபடி அக்கரை சேர்வதற்கு இருபது நிமிடம் போதும். இத்தடத்தில் டீசல் படகுகளும் ஓடுவதால், அவசரமில்லாதவர்கள் ஒரு படகை விட்டுவிட்டு ஆதித்யாவுக்காகக் காத்திருக்கலாம்.

தவணக்கடவிலிருந்து சேர்த்தலை வழியாகப் பேருந்தில் முகம்மா வந்து சேர வேண்டும். நடுவில் தண்ணீர்முக்கம் என்ற ஊரில் காயலைக் குறுக்கே மறித்து நிற்கும் நீண்ட அணையை, நேரம் இருந்தால், இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம். ஏனென்றால் பயணம் முழுவதும் நீங்கள் காணப்போகும் பல காட்சிகளுக்கு அதுவே காரணம். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்களில் உப்புநீர் ஏறாமல் தடுக்க 1976-ல் அந்த அணை செயல்படத் தொடங்கியது. டிசம்பர் நடுவில் அதன் மடைக்கதவுகள் மூடப்படும்; மார்ச் நடுவில் திறக்க வேண்டும் என்பது விதி, பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் திறப்பார்கள். கதவு மூடியிருக்கும் மாதங்களில் தெற்குப் பக்கத்து நீர் உப்பின்றி நன்னீராகவே தேங்கிக் கிடப்பதால், உப்பு பட்டால் மடிந்துவிடும் ஆகாயத்தாமரை பாய்விரித்தாற்போல் படர்ந்துவிடுகிறது. அது படகின் சுழலியில் சிக்கும். ஸ்ராங்க் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிச் சுற்றிய தண்டுகளை உதறுவார். இதற்கெல்லாம் பதற வேண்டியதில்லை. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் செல்பவர்கள் குறித்த நேரத்தைவிட அரைமணி கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

முகம்மாவிலிருந்து குமரகம் செல்லும் படகு வேம்பநாட்டுக் காயலின் திறந்த பரப்பை முக்கால் மணி நேரத்தில் கடக்கிறது. கடலே போலத் தோன்றும் இப்பரப்பில் பிற்பகல் காற்று எழுந்தால் சிற்றலை நெருக்கமாக அடித்துப் படகை ஆட்டும். ஆழம் குறைவான நீரில் அலை இப்படித்தான் எழும். வழியில் பாதிராமணல் தீவு தெரியும். குமரகத்திலோ, பேருந்தில் அரைமணி கடந்து கோட்டயத்திலோ இரவு தங்கலாம். கோட்டயமே நல்லது, மறுநாள் காலைப் படகு அங்கிருந்துதான்.

இரண்டாம் நாளின் படகு கோட்டயத்துக் கோடிமதைத் துறையிலிருந்து ஆலப்புழைக்குச் செல்வது. இரண்டரை மணி நேரம். நான் ஒரே ஒரு தடத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்று யாரேனும் கட்டாயப்படுத்தினால் இதைத்தான் சொல்வேன். முதலில், இரு கைகளையும் நீட்டினால் கரைகளைத் தொட்டுவிடலாமோ என்று தோன்றும் குறுகிய தோட்டில் படகு நுழைகிறது. குறுக்கே வரும் நடைபாலங்கள் சிலவற்றைக் கரையில் உள்ளவர்கள் தூக்கிவிட்டால்தான் படகு போகும். துணி துவைப்பவர், பல் துலக்குபவர், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை என்று ஒரு தெருவின் காலைப்பொழுது முழுவதும் சன்னலை ஒட்டி நகர்கிறது. பிறகு கரை விலகி, வெளிவரம்புக்கு உள்ளே வயல்கள் தெரியத் தொடங்கும். அப்போது எழுந்து நின்று பார்க்க வேண்டும். படகு மிதக்கும் நீரைவிட வயல் தாழ்ந்து கிடக்கும். காயலுக்கு வரம்பு கட்டி, நீரை இறைத்து வெளியேற்றி, அடிமண்ணில் நெல் விதைக்கிறார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த வேளாண்மையை 2013-ல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு நெல் புதிதன்று, ஆனால் மடை திறந்தால் வயலுக்கு நீர் பாய்வதற்குப் பதிலாக வயலே மூழ்கிவிடும் என்ற நிலை அவர்களுக்கும் புதிதாகவே இருக்கும்.

இத்தடத்தில் ஒரு தொல்லை உண்டு. தூக்குப் பாலங்கள் பழுதானாலோ, தோட்டில் களை அடைத்துக்கொண்டாலோ படகு கோட்டயம் நகருக்குள் வராமல் காஞ்சிரம் என்ற ஊரிலேயே நின்றுவிடும். முந்தின நாள் மாலையே துறையில் கேட்டுக்கொண்டு, தேவையானால் ஆட்டோவில் காஞ்சிரம் சென்று ஏற வேண்டும்.

ஆலப்புழைப் படகுத்துறை பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. இறங்கியதும் முதல் வேலையாக நிலைய அதிகாரியின் அறைக்குச் சென்று, மறுநாள் கொல்லம் படகு உண்டா என்று கேளுங்கள். இந்தப் பயணத்தின் நெடுந்தடமான ஆலப்புழை-கொல்லம் சுற்றுலாப் படகு வழக்கமாகக் காலை பத்தரைக்குப் புறப்பட்டு மாலை ஆறரைக்குச் சென்றடைவது. கட்டணம் சில நூறு ரூபாய். ஆனால் ஆண்டு முழுவதும் தவறாமல் ஓடும் என்று நம்பி வந்துவிடக் கூடாது. பயணிகள் குறைந்தால் நிறுத்துவார்கள். திருக்குன்னப்புழையில் உள்ள நீர்ப்பூட்டுக் கதவில் வேலை நடந்தால் வழியே அடைபட்டுவிடும். ஊரிலிருந்து புறப்படும் முன்பே துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வதே அறிவுடைமை. இணையத்தில் உலவும் பழைய கால அட்டவணைகளை நம்பி வந்து ஏமாந்தவர்களை அந்தத் துறையில் எப்போதும் காணலாம்.

படகு இருந்தால், அரைமணி முன்னதாகவே சென்று மேல்தளத்தில் இடம் பிடியுங்கள். தெற்கு நோக்கிச் செல்வதால் காலையில் வெயில் இடப்பக்கம் விழும். அப்போது வலப்பக்கம் அமர்ந்து, மதிய உணவுக்குப் பிறகு இடப்பக்கத்துக்கு மாறிக்கொண்டால் எட்டு மணி நேரமும் நிழலில் கழியும். கடல் எப்போதும் உங்கள் வலப்பக்கம்தான் இருக்கும். பல இடங்களில் அது தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். வழியில் ஓரிடத்தில் உணவுக்கும் ஓரிடத்தில் தேநீருக்கும் நிறுத்துவார்கள். மோட்டா அரிசிச் சோறும் மீன்கறியும் கிடைக்கும். சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் கட்டுச்சோறு கொண்டுசெல்வது நலம்.

தோட்டப்பள்ளி வரை ஆறும் வயலும். கருமாடியில், ஒரு பாதி உடைந்து போன கருங்கல் புத்தர் சிலை ஒன்று நீர்வழியை ஒட்டி இருக்கிறது. ஊரார் அதைக் கருமாடிக்குட்டன் என்று செல்லமாக அழைக்கிறார்கள். தோட்டப்பள்ளியில் பெருவெள்ளத்தைக் கடலுக்கு வடித்துவிடும் மதகுகளைக் கடந்த பின், பல்லனை வருகிறது. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1924 ஜனவரி 16-ல் ‘ரிடீமர்’ என்ற படகில் இரவில் சென்றுகொண்டிருந்தபோது, படகு கவிழ்ந்து இறந்தது இங்கேதான். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியதே காரணம் என்பார்கள். இடையே எழுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தும் பாடம் போதவில்லை: 2002 ஜூலை 27-ல், நீங்கள் முதல் நாள் கடந்த அதே முகம்மா-குமரகம் தடத்தில், நெரிசலாகச் சென்ற படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள்.

எனவே இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு படகிலும் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். கண்ணுக்கு நெரிசலாகத் தெரிந்தால் ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருங்கள். தனியார் படகை அமர்த்துவதானால், பக்கவாட்டில் கே.ஐ.வி. என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத படகு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மிதவை அங்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துவைத்து, குழந்தைகளுக்கு அதை அணிவித்தே உட்காரவையுங்கள். அழகான காட்சி வந்தால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவது நம் வழக்கம், படகு கவிழ அதுவே போதும்.

திருக்குன்னப்புழையைத் தாண்டியதும் காயங்குளம் காயல் விரிகிறது. ஆறாட்டுப்புழையையும் ஆலப்பாட்டையும் இணைத்து 2022-ல் திறக்கப்பட்ட வலியழீக்கல் வில்வளைவுப் பாலம் காயல் கடலோடு கலக்கும் வாயில் நிற்கிறது. அதற்குத் தெற்கே ஆலப்பாடு, இப்பயணத்தின் மிக ஒடுங்கிய நிலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நம் நீர்வழி, நடுவே ஒரு தெருவும் இரு வரிசை வீடுகளும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கேரளத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட ஊர் இதுவே என்பது, அந்த அகலத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு விளங்கும். வள்ளிக்காவில் அமிர்தானந்தமயி மடத்துக்குச் செல்பவர்கள் இறங்கிக்கொள்வார்கள். அடுத்து வரும் சவறாவில் கரை மணல் கறுத்திருக்கும். இல்மனைட், மோனசைட் முதலிய கனிமங்கள் கலந்த அந்த மணல், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் உள்ளதுதான், இரண்டு ஊர்களிலும் ஒரே நடுவண் அரசு நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. நீண்டகரையில் மீன்பிடிப் படகுகள் நெருக்கமாக நிற்கும். அங்கே நீர்வழி அஷ்டமுடிக் காயலில் நுழைகிறது, பொழுதும் சாயும்.

கொல்லம் படகு ஓடாத காலமாக இருந்தால் மூன்றாம் நாளை வேறு வகையில் அமைத்துக்கொள்ளலாம். காலையில் ஆலப்புழையிலிருந்து நெடுமுடி அல்லது காவாலம் செல்லும் சாதாரணப் படகில் ஏறி, குட்டநாட்டின் உள்ளே இரண்டு மணி நேரம் போய்த் திரும்புங்கள். பிற்பகல் ரயிலிலோ தேசிய நெடுஞ்சாலைப் பேருந்திலோ கொல்லம் சென்று, மறுநாள் அஷ்டமுடியில் உள்ளூர்ப் படகைப் பிடியுங்கள். முழு நீர்வழியையும் கண்டே தீர வேண்டுமென்றால் ஆலப்புழையில் மோட்டார் படகை வாடகைக்குப் பேசலாம். நான்கைந்து பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். படகுவீட்டைக் கொல்லம் வரை பேசுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாலையில் மீனவர்கள் வலை விரிக்கத் தொடங்கியதும் படகுவீடுகள் கரையில் கட்டப்பட்டுவிட வேண்டும் என்பதால், அது இரண்டு இரவுகளேனும் பிடிக்கும்.

கொல்லம் துறையும் பேருந்து நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அன்றிரவு அங்கேயே தங்குங்கள். நெல்லை, குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் பத்திரங்களிலும் ஜாதகங்களிலும் எழுதும் கொல்லம் ஆண்டுக்குப் பெயர் தந்த ஊர் இது, கி.பி. 825-ல் அந்தக் கணக்கு தொடங்குகிறது. மறுநாள் விடியற்காலையில் மன்றோ துருத்து என்ற தீவுக்குச் சென்று சிறுவள்ளத்தில் இரண்டு மணி நேரம் சுற்றிவரலாம். அங்கே தோடுகள் அவ்வளவு குறுகலானவை. எஞ்சினை விட்டுக் கழி ஊன்றித்தான் தள்ளுவார்கள். பாலங்களுக்கு அடியில் போகும்போது தலையைக் குனியச் சொல்வார்கள், சொன்னதும் குனிந்துவிட வேண்டும்.

கொல்லத்துக்குத் தெற்கே நீர்வழி உண்டு. பரவூர்க் காயலைக் கடந்து, வர்க்கலைக் குன்றைக் குடைந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த சுரங்கக் கால்வாய்கள் வழியாகத் திருவனந்தபுரம் வரை ஒரு காலத்தில் வள்ளங்கள் சென்றன. இப்போது அங்கே பயணிகள் படகு இல்லை; கால்வாயை மீட்கும் பணி நடந்துவருகிறது. ஆகவே வீடு திரும்ப ரயிலைத்தான் பிடிக்க வேண்டும். வந்த வழியே எர்ணாகுளத்துக்குப் போகாமல், கொல்லத்திலிருந்து புனலூர், தென்மலை, செங்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கும் மலைப்பாதையைத் தேர்ந்தெடுங்கள். 1904-ல் அமைந்து, அகலப் பாதையாகி 2018-ல் மீண்டும் திறக்கப்பட்ட தடம் அது. நண்பகலையொட்டிப் புறப்படும் சென்னை எழும்பூர் ரயில் பகல் வெளிச்சத்திலேயே மலையைக் கடக்கும். பாலருவி விரைவு ரயில் இரவில் கடப்பதால் தென்மலையை அடுத்த பதின்மூன்று கண் பாலம் கண்ணில் படாது. மன்றோ துருத்திலிருந்து பத்து மணிக்குள் திரும்பிவிட்டால் பகல் ரயிலை நிதானமாகவே பிடிக்கலாம்.